கால் சுவரைத் தாண்டும்வரை

அக்கா ஒரு படத்தைப் பார்த்து "ம்" என்று சொல்லிவிட்டால் அந்தப் படம் பிழைத்தது என்று அர்த்தம். அதற்கு மேல் ஒரு பாராட்டு அவள் வாயிலிருந்து பெயராது. ஒரு வாரப் பத்திரிகையில் படங்களைப் பொறுக்கி அடுக்கும் வேலையிலேயே தலை நரைத்து ஓய்வு பெற்றவள். அந்த ஒற்றை எழுத்துக்காக அவள் மேஜைக்கு முன்னால் பெரிய பெரிய புகைப்படக்காரர்கள் எல்லாம் நகம் கடித்துக்கொண்டு நின்றதுண்டு. இப்போது நிற்பது கூடப் பிறந்த தம்பி.

"உட்காரேன்டா."

"நிக்கிறேன்க்கா. உட்கார்ந்தா படபடன்னு வருது."

"நின்னா வராதா?"

"நின்னா ஓடிப்போகவாவது வசதி."

மேஜை என்றால் சாப்பாட்டு மேஜைதான். ஒரு மாதமாக அதன் மேல் தட்டு விழவில்லை, படங்கள்தான் விழுந்து கிடந்தன. அக்காவின் வீட்டுக்காரர் தட்டை மடியில் வைத்துக்கொண்டு சோபாவில் சாப்பிடப் பழகிவிட்டார். கை பழகியதே தவிர வாய் பழகவில்லை.

"மச்சான், இந்தக் கண்ணாடிக்காரங்க என் மேஜையை விட்டு எப்போ இறங்குவாங்க?"

"அச்சாபீஸ் போற அன்னைக்கு, மாமா."

"அவ்வளவு பெரிய கட்டிடத்துலேருந்தே பொழுது சாயறதுக்குள்ள இறங்கிடறாங்க. இந்த மேஜை அதைவிடவா உசரம்?"

கண்ணாடிக்காரர்கள் என்று அவர் சொன்னது, உயரமான கட்டிடங்களின் வெளிப்பக்கத்துக் கண்ணாடியைக் கயிற்றில் தொங்கிக்கொண்டு துடைக்கிறவர்களை. ஒரே தெருவில், ஒரே பழைய கட்டிடத்தில், சுவரோடு சுவர் ஒட்டிக் குடியிருக்கிற சில குடும்பங்கள். ஆண் பெண் எல்லோருக்கும் அதே தொழில். ஒருவர் கயிற்றில் இறங்கினால் இன்னொருவர் மொட்டை மாடியில் கயிற்றின் தலைமாட்டில் நிற்பார். இரண்டு பேரும் சேர்ந்து ஒரு ஜோடி. தம்பி மூன்று வருடமாக அவர்களோடு மாடி ஏறி இறங்கி, இன்னும் ஃபிலிம் ரோல் போட்டுத்தான் எடுப்பேன் என்ற பிடிவாதத்தோடு எடுத்த படங்கள் இவை. அவனுடைய முதல் புத்தகம். பொறுக்கி அடுக்கிக் கொடுக்கிற பொறுப்பு அக்காவுடையது.

"இது என்ன, எல்லா வீடும் கீழ்த்தளத்திலேயே இருக்கு?" என்று முதல் நாளே அக்கா அந்தத் தெருவின் படத்தைப் பார்த்துக் கேட்டாள்.

"மேல்மாடி சும்மா கொடுத்தாலும் ஏற மாட்டாங்கக்கா. 'சம்பாதிக்கத்தான் மேலே போறோம், தூங்கவுமா போகணும்'னு கேப்பாங்க."

அக்கா சிரித்தாள். அந்தப் படத்தில் ஒவ்வொரு வாசலிலும் ஆணி அடித்து இடுப்புப் பெல்ட்டுகள் தொங்கின. பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் பையை மாட்டிவிட்டுப் போனதுபோல.

"ம்."

இன்னொன்றில் ஒரு பெண் கயிற்றில் தொங்கியபடி கண்ணாடியைத் துடைக்கிறாள். கண்ணாடிக்கு உள்ளே கூட்டம் நடக்கிறது. கோட்டுப் போட்டவர்கள் வட்டமாக உட்கார்ந்திருக்க, ஒருவர்கூட அவள் பக்கம் திரும்பவில்லை. அவளோ உள்ளே எழுதிப் போட்டிருக்கும் பலகையைப் படித்துக்கொண்டு துடைக்கிறாள்.

"இதுல யாருடா அதிகாரி?"

"அவதான்க்கா. அவ முகத்தைப் பாரேன்."

"ம்."

அக்கா வாய் திறந்து சொல்லாததை இங்கே சொல்லிவிடலாம். தம்பியின் படங்கள் அவளை அசத்திவிட்டன. அண்ணாந்து பார்த்து 'ஐயோ பாவம்' என்று எடுத்த படம் ஒன்று இல்லை. 'ஆகா வீரம்' என்று கொட்டு முழக்கியதும் இல்லை. கயிற்றுக்குப் பக்கத்தில் நின்று, அவர்கள் எந்த உயரத்தில் இருந்தார்களோ அந்த உயரத்தில் இருந்துகொண்டு எடுத்திருந்தான். சின்ன வயதில் நாற்காலி மேல் ஏறவே அழுத பயல்.

படங்களுக்கு இரண்டு வரி எழுதும்போதுதான் அவர்களுடைய பேச்சு வழக்கம் பற்றி அக்காவுக்குத் தெரிந்தது. ஒரு படத்தில் ஒருத்தி மாடிக் கைப்பிடிச் சுவர் மேல் உட்கார்ந்து ஒரு காலை வெளியே போட்டிருந்தாள். கயிறு பிடிக்கிறவள் இடுப்பில் கைவைத்து அவளைப் பார்த்துக் கத்திக்கொண்டிருந்தாள்.

"சண்டையா?"

"சண்டை முடியற நேரம்க்கா. கொக்கியம்மான்னு அவங்களுக்கெல்லாம் பெரியவங்க ஒருத்தங்க இருக்காங்க. காலையில கட்டிடத்துக்குக் கீழே ஒவ்வொரு ஜோடியையும் நிறுத்தி, 'பேச்சு இருக்கா?'ன்னு கேப்பாங்க. கோபதாபம் இல்லாம பேசிட்டிருந்தா, 'இருக்கு.' பேசாம முறைச்சுக்கிட்டு இருந்தா, 'இல்லை.' இல்லைன்னா அன்னைக்குக் கயிறு கிடையாது. கீழே நின்னு பக்கெட் நிரப்பலாம். ஏன் எதுக்குன்னு யாரும் கேக்க மாட்டாங்க, அவமானமும் கிடையாது."

"பொய் சொல்லிட்டா?"

"அது பெரிய தப்பு. ஜோடியைப் பிரிச்சுடுவாங்க. அப்புறம் ஜென்மத்துக்கும் சேர்க்க மாட்டாங்க. கயிறு பிடிக்கிறவன் மனசுல வீம்பு இருந்தா, கீழே இருந்து கூப்பிட்டா அரைக் காதுலதான் கேப்பானாம்."

"இவ கால் வெளியே போட்டுட்டாளே?"

"ஒரு கால்தானே. ரெண்டு காலும் சுவரைத் தாண்டற வரைக்கும் நேரம் இருக்கு. அதுக்குள்ள பேசித் தீர்த்துட்டா பொய் பொய்யில்லை, சரியாப் போயிடும். இவ அப்படித்தான் தீர்த்தா."

அக்கா பேனாவை வைத்தாள். ஒரு தெருவே தினம் காலையில் சமாதானம் ஆகிவிட்டுத்தான் வேலைக்குப் போகிறது.

"ஏங்க, கேட்டீங்களா?" என்றாள் சோபாவைப் பார்த்து.

"கேட்டேன், கேட்டேன். நல்லவேளை நான் பேங்க் வேலை பார்த்தேன். இந்த வேலைன்னா ஆயுசு முழுக்கப் பக்கெட்தான் நிரப்பியிருப்பேன்."

சண்டை வந்தது அட்டைப் படத்தில்.

தம்பிக்கு அட்டை எது என்பதில் சந்தேகமே இல்லை. ஜோடிகளிலேயே கெட்டிக்கார ஜோடி என்று பெயர் வாங்கிய அண்ணன் தம்பி இரண்டு பேர் அதில் இருந்தார்கள். பெரியவன் முட்டி போட்டுச் சின்னவனின் பெல்ட்டை இழுத்துக் கட்டுகிறான், முகம் ஒரு பக்கமாகத் திரும்பியிருக்கிறது. சின்னவன் வானத்தைப் பார்க்கிறான். இரண்டு பேருக்கும் நடுவில் கயிறு ஒன்று தளர்ந்து தொங்குகிறது. எதிர்க் கட்டிடத்துக் கண்ணாடியில் கயிற்றோடு அந்த இருவரும் வெயிலில் இன்னொரு தடவை தெரிகிறார்கள். பார்த்தவர் யாரும் பெருமூச்சு விடாமல் நகர மாட்டார்கள்.

அக்கா வெகுநேரம் பார்த்தாள். "ம்" வரவில்லை.

"என்னக்கா?"

"அழகுல குறை சொல்ல ஒண்ணுமில்லை. இவங்க ரெண்டு பேரும் ஏன்டா முன்பின் தெரியாதவங்க பஸ்ஸுக்குக் காத்திருக்கிற மாதிரி இருக்காங்க?"

"அது கவனம்க்கா. வேலையில கவனம்."

"கவனமா இருக்கிறவன் கையைப் பார்ப்பான். இவன் கையையும் பார்க்கல, ஆளையும் பார்க்கல."

"உனக்கு எப்பவும் நான் எடுத்ததுல நல்லதுதான் ஆகாது."

"சரிப்பா, உன் புஸ்தகம், உன் அட்டை. முன்பக்கம் இதைப் போட்டுக்கோ. பின்பக்கத்துக்குத்தான் உன் திருமுகம் இருக்கே."

பின்னட்டைக்கென்று தம்பி ஸ்டுடியோவுக்குப் போய் எடுத்து வந்திருந்த படம் மேஜை ஓரத்தில் இருந்தது. புதுச் சட்டை, சீவிய தலை, கையில் கேமரா. பெண் வீட்டுக்கு அனுப்புகிற மாப்பிள்ளைப் படம் மாதிரி இருக்கிறது என்று அக்கா சொல்லி, அதற்கும் தம்பி முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தான். அன்றிலிருந்து இரண்டு பேருக்கும் வேலைப் பேச்சுதான். வாய்ப் பேச்சு நின்றுவிட்டது.

அச்சுக்குப் போகுமுன் படங்களைக் காட்டுகிறேன், யார் எதை வேண்டாம் என்றாலும் எடுத்துவிடுகிறேன் என்று தம்பி கண்ணாடிக்காரர்களுக்கு வாக்குக் கொடுத்திருந்தான். எல்லோர் சார்பிலும் மூன்று பேர் ஒரு மத்தியானம் வந்தார்கள். கொக்கியம்மாவும் அந்த அண்ணன் தம்பியும். கொக்கியம்மாவுக்கு அந்தப் பெயர் வந்ததற்குக் காரணம் கேட்க வேண்டியதில்லை. கயிற்றுக் கொக்கிகளை இழுத்து இழுத்துப் பார்த்தே பழகியவர், உள்ளே வந்ததும் நாற்காலியின் காலை ஆட்டிப் பார்த்துவிட்டுத்தான் உட்கார்ந்தார்.

"வாங்க, தேத்தண்ணி போடட்டுமா?" என்றார் வீட்டுக்காரர். விருந்தாளி வந்தால் மேஜை காலியாகும் என்று அவருக்கு ஒரு நப்பாசை.

"முதல்ல படம், அப்புறம் தேத்தண்ணி. என்னப்பா போட்டோ, எங்களை அழகாக் காட்டியிருக்கியா?"

"இருக்கிறதைத்தான் காட்டியிருக்கேன், கொக்கியம்மா."

"அப்போ எங்க அழகுக்கு நாங்கதான் பொறுப்புங்கறே!"

அக்கா ஒவ்வொரு படமாக வரிசையில் வைக்க, அறை முழுக்க ஒரே கலகலப்பு. "இவ என்னமா முறைக்கிறா பாரு." "ஏய், இது என் பக்கெட்." "இந்தக் கட்டிடத்தை இடிச்சுட்டாங்கல்ல? நல்லவேளை, போன மாசம்தான் துடைச்சுக் கொடுத்தோம்." கொக்கியம்மா ஒரு படத்தையும் வேண்டாம் என்று சொல்லவில்லை. வாசல் பெல்ட்டுகளைப் பார்த்ததும், "எங்க தெருவா இது? இவ்வளவு நல்லா இருக்கா?" என்று மட்டும் மெதுவாகக் கேட்டார்.

கடைசியில் தம்பி தன் கையாலேயே அட்டைப் படத்தை எடுத்து வைத்தான்.

"அடேயப்பா!" என்றார் கொக்கியம்மா. "எப்படி எடுத்தே இதை! கண்ணாடியில பாரு, ரெண்டு ரெண்டா..." பேச்சு நடுவில் நின்றது. குனிந்து பார்த்தார். "இது எப்போ எடுத்தது?"

"ரெண்டு வருஷம் இருக்கும். காத்து அடிச்ச அன்னைக்கு, அந்த நீலக் கட்டிடத்துல."

கொக்கியம்மா நிமிர்ந்து அண்ணன் தம்பியைப் பார்த்தார். சின்னவன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

"அன்னைக்குக் கீழே நிறுத்திக் கேட்டேனே. பேச்சு இருக்கான்னு."

பெரியவன் ஒரு அடி பின்னால் நகர்ந்தான்.

"ரெண்டு பேரும் ஒரே குரல்ல 'இருக்கு'ன்னீங்க. இதுதான் பேச்சு இருக்கிற மூஞ்சியா?"

"கொக்கியம்மா, இல்ல, அது..." பெரியவன் தடுமாறினான். "இவன் என் ரேடியோவைப் பழைய சாமான்காரன்கிட்ட போட்டுட்டான். அந்தக் கோபம்."

"அது பாடியே எத்தனையோ வருஷம் ஆச்சு!" என்றான் சின்னவன்.

"பாடாட்டி என்ன, அது என் ரேடியோ."

"ரேடியோவை விடு. 'இல்லை'ன்னு சொல்றதுக்கு என்ன கேடு? பக்கெட் நிரப்பினா கை தேஞ்சுடுமா?"

"காத்து பலமா இருந்துச்சு. எங்களை விட்டா அந்தப் பக்கம் இறங்க ஆள் இல்ல. அதான்... ஆனா அப்புறம் பேசிட்டோம்!"

"அப்புறம்னா எப்போ? கால் தாண்டறதுக்கு முன்னாடியா, பின்னாடியா?"

"முன்னாடிதான்."

"யார் பார்த்தா? நான் கீழே நின்னேன்." கொக்கியம்மா தம்பி பக்கம் திரும்பினார். "மாடியில இருந்தது போட்டோ ஒருத்தன்தான். சொல்லுப்பா, இவங்க பேசினாங்களா?"

தம்பி படத்தை உற்றுப் பார்த்தான். "எனக்கு... எனக்கு ஞாபகம் இல்லையே. இந்தப் படம் எடுத்ததுதான் ஞாபகம் இருக்கு."

"அண்ணே, நீங்க பக்கத்துலதானே நின்னீங்க!" சின்னவன் ஜன்னலை விட்டுத் திரும்பினான்.

"நான் வெளிச்சத்தைப் பார்த்துட்டு இருந்தேன்டா."

கொக்கியம்மா கோபமாக இல்லை, அதுதான் கஷ்டமாக இருந்தது. கெட்டிக்கார ஜோடியைத் தானே தன் வாயால் பிரிக்க வேண்டி வந்த வருத்தம் அவர் முகத்தில் தெரிந்தது. பெரியவன் தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"நான் இந்தப் படத்தை எடுத்துடறேன்," என்றான் தம்பி. "அட்டையிலயும் வேண்டாம், உள்ளேயும் வேண்டாம். கிழிச்சுடறேன்."

"உன் படத்து மேல என்னப்பா தப்பு? அது உள்ளதைத்தான் காட்டுது. நீ கிழிச்சா நான் பார்த்தது பார்க்காததா ஆயிடுமா?"

அக்கா எழுந்து போய் அலமாரிக்குக் கீழே இருந்த பிஸ்கட் டப்பாவை இழுத்துக்கொண்டு வந்தாள். வேண்டாம் என்று கழித்தவை எல்லாம் அதில்தான் கிடந்தன.

"அந்த நீலக் கட்டிடத்து ரோல் எதுடா?"

"கழிசலாச்சேக்கா. அதுல ஒண்ணும் தேறாது."

"தேறுமா தேறாதான்னு பார்க்கத்தான் நான் இருக்கேன். தாளை எடு."

ஒரு ரோலில் உள்ள படங்களை எல்லாம் எடுத்த வரிசையிலேயே, தபால் தலை அளவில், ஒரே தாளில் அச்சடித்து வைப்பது தம்பியின் வழக்கம். எது முந்தி, எது பிந்தி என்பதில் அந்தத் தாள் பொய் சொல்லாது. அக்கா லென்ஸை வைத்து விரலால் ஒவ்வொன்றாகத் தாண்டினாள். அட்டைப் படம். அதற்கு அடுத்தது, மேகம். அதற்கு அடுத்தது சும்மா ஒரு பக்கெட். அதற்கும் அடுத்தது, சிவப்புப் பென்சிலால் தம்பியே குறுக்கே கோடு போட்டு அடித்தது. கை ஆடி, எல்லாம் கலங்கிப் போன படம்.

"கொக்கியம்மா, இங்கே வாங்க. இந்த லென்ஸ்ல பாருங்க."

"ஒரே கலங்கலா இருக்கே."

"கண்ணு பழகட்டும். சுவர் மேல உட்கார்ந்திருக்கிறது சின்னவர். முன்னாடி நிக்கிறது பெரியவர்."

"வாய் திறந்திருக்கு."

"ரெண்டு பேருக்கும் திறந்திருக்கு."

"ரேடியோ!" சின்னவன் தலையை உள்ளே நுழைத்தான். "இவன் அப்பதான் சொன்னான். 'ரேடியோதான் போச்சு, நீயும் போயிட்டா நான் யாரைடா திட்டறது'ன்னான். எனக்குச் சிரிப்பு வந்து சுவர் மேலேயே..."

"ஐயோ!" தம்பி தலையில் கைவைத்தான். "ஆமாக்கா. ஆமா! எனக்கும் சிரிப்பு தாங்கல. அதுலதான் கேமரா ஆடிப்போச்சு. நான் எப்படி மறந்தேன்?"

"நீ கழிச்சுட்டே, அதான் மறந்துட்டே," என்றாள் அக்கா. "எடுத்து வச்ச படம்தான் நமக்கு ஞாபகமா நிக்கும்."

"சிரிப்பெல்லாம் இருக்கட்டும்," என்றார் கொக்கியம்மா. "கால் எங்கே?"

மறுபடி எல்லோரும் தாளின் மேல் குனிந்தார்கள். ஒரு கால் சுவருக்கு வெளியே போயிருந்தது, அது நன்றாகத் தெரிந்தது. இன்னொரு கால் இருக்க வேண்டிய இடத்தில் அந்தப் பக்கெட் நின்றது. அக்கா லென்ஸை வாங்கிக்கொண்டாள். தாளை ஜன்னல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோனாள். எத்தனையோ வருடம் மங்கலான படங்களில் மந்திரிகளின் மூக்கைத் தேடி எடுத்த கண் அது. இப்போது ஒரு காலைத் தேடியது.

"பக்கெட்டுக்குப் பின்னாடி," என்றாள் கடைசியில். "கைப்பிடிக்குக் கீழே. வெள்ளையா தீட்டின மாதிரி ஒண்ணு தெரியுதா?"

கொக்கியம்மா பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார்.

"ஷூ நுனி."

"என் ஷூதான் வெள்ளை!" என்றான் சின்னவன்.

"தரையில ஊனியிருக்கு. கால் தாண்டல." கொக்கியம்மா லென்ஸை மேஜை மேல் வைத்தார். "சரி. ஜோடி ஜோடியாவே இருங்க. ஆனா பேச்சு இல்லாதப்போ இருக்குன்னு என் முகத்துக்கு நேரா சொன்னதுக்கு, ஒரு வாரம் ரெண்டு பேரும் பக்கெட். ஒரே குழாயில."

பெரியவன் சின்னவன் முதுகில் ஒரு குத்து வைத்தான். சின்னவன் திருப்பி வைத்தான். அதற்குள் வீட்டுக்காரர் தேத்தண்ணி கொண்டுவந்துவிட்டார். வைக்க இடம் இல்லாமல் தட்டோடு நின்றார்.

போகும்போது கொக்கியம்மா அட்டைப் படத்தை இன்னொரு தடவை பார்த்தார். "இதைப் போடு, போட்டோ. இவ்வளவு நல்ல படத்தை மூடி வைக்காதே. ஆனா இதைப் பார்க்கிறவன் அந்தச் சிரிப்பையும் பார்க்கணும். ஒரே வீச்சுல. பக்கம் புரட்டித் தேடக் கூடாது."

"முயற்சி பண்றேன், கொக்கியம்மா."

அவர் வாசலில் நின்று அக்காவையும் தம்பியையும் மாறி மாறிப் பார்த்தார். "ஆமா, உங்க ரெண்டு பேருக்கும் பேச்சு இருக்கா?"

"இருக்கு," என்றார்கள் இருவரும். ஒரே குரலில்.

"அப்படியா?" கொக்கியம்மா நாற்காலிக் காலை ஆட்டிப் பார்த்த அதே பார்வையை அவர்கள் மேலும் வைத்தார். "அச்சாபீஸ் வாசப்படி தாண்டறதுக்குள்ள பேசித் தீர்த்துக்கோங்க."

கதவு சாத்தியதும் தம்பி உட்கார்ந்தான். அன்றைக்குத்தான் முதல் தடவையாக அந்த மேஜைக்கு முன்னால் உட்கார்ந்தான்.

"பஸ்ஸுக்குக் காத்திருக்கிற மாதிரின்னு நீ சொன்னப்பவே எனக்கு உறைச்சிருக்கணும்."

"நான் மட்டும் என்னத்தைக் கண்டேன்? ஏதோ இடிக்குதுன்னு சொன்னேன், அவ்வளவுதான். எடுத்தது நீதானே."

"நானா? அழகானதை எடுத்துட்டு அடுத்ததை அடிச்சுப் போட்டவன்."

"கை ஆடினாலும் விடாம அழுத்தினியே. அது போதாதா?"

தம்பி அவளை நிமிர்ந்து பார்த்தான். இது "ம்" இல்லை. "ம்"முக்கு மேலே ஏதோ ஒன்று. அதை அவள் திரும்பச் சொல்லச் சொன்னால் மறுத்துவிடுவாள் என்று அவனுக்குத் தெரியும். அதனால் கேட்கவில்லை. அட்டைக்கு மாதிரி செய்து வைத்திருந்த காகிதத்தை எடுத்து மேஜை மேல் விரித்தான். வலது பாதி முன்னட்டை, இடது பாதி பின்னட்டை, நடுவில் முதுகு. பின்னட்டையில் புதுச் சட்டையோடு அவனே சிரிக்காமல் உட்கார்ந்திருந்தான்.

"ஒரே வீச்சுல தெரியணும்னாங்க," என்றான் தனக்குத்தானே.

ஸ்டுடியோ படத்தை மெல்ல உரித்து எடுத்தான். அந்த இடத்தில், கோடு போட்டு அடித்த கலங்கல் படத்தை வெட்டி வைத்தான். அட்டையை விரித்தால் ஒரு பக்கம் பேசாத அண்ணன் தம்பி, மறுபக்கம் வாய்விட்டுச் சிரிக்கும் அண்ணன் தம்பி. புத்தகத்தைக் குப்புறப் போட்டால் சிரிப்பு மட்டும் மேலே கிடக்கும்.

"உன் மூஞ்சி எங்கேடா போகும்? பொண்டாட்டி கேக்க மாட்டாளா, புதுச் சட்டை வாங்கிக் கொடுத்தவ?"

"கலங்கியிருக்குல்ல, அது நான்தான்னு சொல்லிடறேன். சிரிச்சு ஆடினது என் கைதானே."

அக்கா காகிதத்தைத் தன் பக்கம் இழுத்தாள். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தாள்.

"ம்."

"அப்போ முடிஞ்சுதா?" என்றார் வீட்டுக்காரர், ஆறிப்போன தேத்தண்ணித் தட்டோடு. "நான் இதை வைக்கலாமா?"

"வைங்க. ஓரமா வைங்க," என்றாள் அக்கா. "படம் மேல சிந்தினா அப்புறம் நமக்குள்ள பேச்சு இருக்காது."